அரசு மேல்நிலைப் பள்ளியில் தலைமைக் குழு: ஆள் தேர்வு முதல் பொறுப்பு ஒப்படைப்பு வரை

தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளியில் ‘தலைமைக் குழு’ என்று ஒரு பணியிடமும் கிடையாது. அரசாணையில் தலைமையாசிரியர் இருக்கிறார், உதவித் தலைமையாசிரியர் இருக்கிறார், முதுகலை ஆசிரியர்கள், பட்டதாரி ஆசிரியர்கள், உடற்கல்வி ஆசிரியர், அலுவலகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணூறு, ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியை ஒருவர் தனியாக நடத்த முடியாது. காலையில் முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டம், மதியம் கருவூலம், நடுவில் எமிஸ் (மாணவர், ஆசிரியர் விவரங்களை ஏற்றும் கல்வித் துறை இணையதளம்) பதிவு, மாலையில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஓடும் தலைமையாசிரியருக்கு வகுப்பறைப் பக்கம் போகவே நேரம் இருக்காது. அதனால் எல்லாப் பள்ளியிலும் ஆறேழு பேர் சேர்ந்துதான் பள்ளியை நகர்த்துகிறார்கள். அந்த ஆறேழு பேர் தற்செயலாகச் சேர்ந்தவர்களா, யோசித்துச் சேர்க்கப்பட்டவர்களா என்பதுதான் பள்ளிக்குப் பள்ளி வேறுபடுகிறது.

இந்த வழிகாட்டி, புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமையாசிரியர்களுக்கும், அவர்களோடு நிற்கப்போகும் உதவித் தலைமையாசிரியர்களுக்கும், மூத்த ஆசிரியர்களுக்கும். நான் சொல்வது ஒன்றுதான்: வேலையைக் கொடுக்கும்போது அந்த வேலையில் முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுங்கள். உரிமை இல்லாமல் வேலையை மட்டும் வாங்கிக்கொண்டவர் ஒவ்வொன்றுக்கும் தலைமையாசிரியர் அறை வாசலில் வந்து நிற்பார். பிறகு குழு இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

படி 1: முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

பொறுப்பேற்றதும் பணிப் பகிர்வு ஆணை போட்டுவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். பழைய ஏற்பாடு எப்படி இருந்தாலும் இரண்டு வாரம் ஓடட்டும். அதற்குள் பார்க்க வேண்டியவை நிறைய.

முதலில் சப்ஸ்டிட்யூஷன் நோட்டு, அதாவது வராத ஆசிரியரின் பாடவேளையை யார் எடுப்பது என்று எழுதும் நோட்டு. போன ஆண்டு நோட்டைப் புரட்டினால் பள்ளியின் உண்மையான நிலவரம் தெரியும். யாருக்கு அதிகப் பாடவேளை விழுந்திருக்கிறது, யார் பெயர் வரவே இல்லை, எந்த வகுப்பு அடிக்கடி ஆசிரியர் இல்லாமல் இருந்திருக்கிறது எல்லாம் அதில் கிடக்கும். அடுத்தது பொதுத்தேர்வு முடிவுகள், பாடவாரியாக. மொத்தத் தேர்ச்சி விழுக்காட்டைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். எந்தப் பாடத்தில் தேர்ச்சி மதிப்பெண்ணான 35-ஐ ஒட்டி நிறையப் பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் பெண் பிள்ளைகளின் கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, நூலக அறையின் பூட்டு. பூட்டில் தூசி படிந்திருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

இதைவிட முக்கியமானது, ஒரு சிக்கல் வந்தால் ஆசிரியர்கள் யாரிடம் போகிறார்கள் என்பது. பிள்ளை மயங்கி விழுந்தால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? பெற்றோர் சத்தம் போட்டுக்கொண்டு வந்தால் யார் எழுந்து போகிறார்? அவர் பதவியில் மூத்தவராக இருக்க வேண்டியதில்லை. ஏழாண்டு சர்வீஸ் உள்ள ஒரு பட்டதாரி ஆசிரியை அப்படி இருக்கலாம். ஆய்வக உதவியாளராகக்கூட இருக்கலாம்.

இந்த நாட்களில் ஒவ்வொரு ஆசிரியரையும் தனியாக, பத்து நிமிடமாவது உட்காரவைத்துப் பேசுங்கள். மூன்று கேள்வி போதும். இந்தப் பள்ளியில் எது நன்றாக நடக்கிறது? எது உங்கள் நேரத்தை வீணடிக்கிறது? எந்தப் பொறுப்பை நீங்கள் விரும்பி எடுத்துக்கொள்வீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பலர் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். இரண்டு நாள் கழித்து, பிரேயர் முடிந்து நடக்கும்போது, ‘சார், அன்றைக்குக் கேட்டீங்களே...’ என்று ஆரம்பிப்பார்கள்.

படி 2: ஆட்களைத் தேர்ந்தெடுத்தல்

ஆறிலிருந்து எட்டுப் பேர் வரை போதும். அதற்கு மேல் போனால் கூட்டம் நீளும், பேச்சு சிதறும். என் பட்டியல் இப்படி இருக்கும்: உதவித் தலைமையாசிரியர், 11-12ஆம் வகுப்புகளுக்கு ஒரு முதுகலை ஆசிரியர், 9-10க்கு ஒரு பட்டதாரி ஆசிரியர், 6-8க்கு இன்னொருவர், உடற்கல்வி ஆசிரியர், அலுவலகத்திலிருந்து இளநிலை உதவியாளர். இருபாலர் பள்ளியாக இருந்தால் குழுவில் குறைந்தது இரண்டு ஆசிரியைகள். ஒரே ஒருவர் என்றால் பெண் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எல்லாம் அவர் தலையில் விழும்.

அலுவலக உதவியாளரையும் உடற்கல்வி ஆசிரியரையும் ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்பார்கள். கல்வி உதவித்தொகை, மாற்றுச் சான்றிதழ், சம்பளப் பட்டியல் எல்லாம் அலுவலகத்தில்தான் தேங்கும் அல்லது நகரும். எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வருகிறான், யாரோடு சுற்றுகிறான், யாருக்குக் காலில் செருப்பில்லை என்பது உடற்கல்வி ஆசிரியருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

சீனியாரிட்டி விஷயத்தைத் தவிர்க்க முடியாது. நீங்கள் விடுப்பில் போனால் யார் பொறுப்புத் தலைமையாசிரியரோ அவர் குழுவில் இருந்தே ஆக வேண்டும், உங்களுக்கு அவரைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். பள்ளி நிலவரம் தெரியாத ஒருவர் கையில் ஒரு வாரம் சாவி போனால், திரும்பி வந்து ஒரு மாதம் சரிசெய்ய வேண்டியிருக்கும். மற்ற இடங்களுக்கு மூப்பைவிட வேலைத்திறனைப் பாருங்கள். இளையவரைச் சேர்க்கும்போது அவரைவிட மூத்தவரிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடுங்கள். ‘சார், நடுநிலை வகுப்புப் பொறுப்பை அந்த டீச்சரிடம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்து வழிநடத்த வேண்டும்.’ பட்டியலை அறிவிப்புப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கும், உங்கள் வாயால் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இன்னொன்று, பி.ஜி. (முதுகலை) – பி.டி. (பட்டதாரி) ஆசிரியர் இடைவெளி. முதுகலை ஆசிரியர்கள் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பதவியை நோக்கியும், பட்டதாரி ஆசிரியர்கள் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பதவியை நோக்கியும் பதவி உயர்வில் போகிறவர்கள். பாதையே வேறு என்பதால் ஓய்வறையும் தனி, டீ குடிக்கும் கூட்டமும் தனி என்று பல பள்ளிகளில் ஆகிவிடுகிறது. இதன் விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கு எங்கே வழுக்கியது என்று தெரியாமலேயே பதினொன்றில் இயற்பியல் நடத்துகிறார் ஒருவர். குழுவில் இரு பக்கத்தாரும் சம அளவில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு தானாகத் தொடங்கும்.

சங்கப் பொறுப்பாளர் என்பதற்காக யாரையும் பயந்து சேர்க்கவும் வேண்டாம், பயந்து ஒதுக்கவும் வேண்டாம். வேலை செய்வார் என்றால் சேருங்கள்.

சிறிய பள்ளியில், மொத்தமே பன்னிரண்டு ஆசிரியர் என்றால் மூன்று பேர் குழு போதும். மற்ற படிகள் அப்படியே பொருந்தும்.

படி 3: பொறுப்போடு உரிமையையும் எழுதிக் கொடுத்தல்

ஜூனில் எல்லாப் பள்ளியிலும் ஒரு பணிப் பகிர்வுச் சுற்றறிக்கை போகும். ‘தேர்வுக் குழு: இன்னார், இன்னார். ஒழுங்குக் குழு: இன்னார், இன்னார்.’ எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். அதோடு சரி. அதில் இல்லாதது, அவர் எதைத் தானே முடிவு செய்யலாம் என்பது.

ஒவ்வொரு பொறுப்புக்கும் மூன்று வரி எழுதுங்கள். ‘நீங்களே முடிவு செய்யலாம்.’ ‘முடிவு செய்துவிட்டு எனக்குச் சொன்னால் போதும்.’ ‘என்னைக் கேட்ட பிறகுதான்.’ எல்லா வேலையும் இந்த மூன்றில் ஒன்றில் விழும்.

சப்ஸ்டிட்யூஷன் முழுக்க உதவித் தலைமையாசிரியர் முடிவு. அவர் போட்ட பாடவேளையை மாற்றச் சொல்லி யாராவது உங்களிடம் வந்தால், ‘அவரிடம் பேசுங்கள்’ என்பதுதான் உங்கள் பதில். அன்றைக்கு அந்த ஆசிரியருக்கு நிஜமாகவே தலைவலியாக இருந்தாலும் அப்படித்தான். ஒருமுறை நீங்கள் மாற்றிவிட்டால் மறுநாள் முதல் நோட்டு உங்கள் மேசைக்கு வந்துவிடும். பாடவேளை அட்டவணையில் சிறு மாற்றம் செய்துவிட்டுச் சொன்னால் போதும். ஒரு ஆசிரியரின் பாடத்தையோ வகுப்பையோ மாற்றுவது கேட்ட பிறகு.

கல்வி உதவித்தொகைப் பொறுப்பை நான் இரண்டு பேருக்குக் கொடுப்பேன், ஒருவர் ஆசிரியர், ஒருவர் அலுவலகம். எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். (தேசிய வருவாய் வழி, திறன் உதவித்தொகை) தேர்வில் தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். விண்ணப்பிக்கும் கடைசி நாள் நம் கவனக்குறைவால் தவறினால் ஒரு குடும்பம் நான்காண்டில் 48,000 ரூபாயை இழக்கிறது. இப்படி எண்ணாகச் சொன்னால் பொறுப்பின் கனம் எல்லாருக்கும் புரியும்.

பொதுத்தேர்வு எழுதுபவர்களின் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோல் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குழு ஒழுங்காக இயங்குகிறதா என்று இந்த ஒரு வேலையிலேயே தெரிந்துவிடும். பொதுத்தேர்வு எழுதும் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, புகைப்படம், பயிற்று மொழி, பாடப்பிரிவு எல்லாம் சரியாகப் போக வேண்டும். ஒரு தலைப்பெழுத்து மாறினால் அந்தப் பிள்ளை கல்லூரி, வேலை, பாஸ்போர்ட் என்று ஒவ்வொரு இடத்திலும் அலைய வேண்டும். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு கேட்கும் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பதிவு சரியாக இருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாத உதவித்தொகை தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் அப்படியே.

நடைமுறை இப்படி இருக்கட்டும். வகுப்பாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு முதல் பட்டியலைத் தயாரிக்கிறார். அதை அச்செடுத்துப் பிள்ளையிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி, தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் சரி என்று பெற்றோர் கையெழுத்து வாங்குகிறார். பிறகு அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத வேறு ஓர் ஆசிரியர் மறுபடி சரிபார்க்கிறார். தெரிந்த பெயரைக் கண் தானாகச் சரியாகவே வாசித்துவிடும், அதனால்தான் புது ஆள். எழுத்துப்பிழையைத் தேர்வுப் பொறுப்பாளரே திருத்தலாம். பிறப்புச் சான்றிதழும் சேர்க்கைப் பதிவேடும் வேறு வேறு தேதி சொன்னால் அது தலைமையாசிரியருக்கு வர வேண்டும், அன்றைக்கே. இப்படி எழுதிவைத்தால் நீங்கள் ஐம்பது பிழைத்திருத்தத்துக்குப் பதிலாக இரண்டு மூன்று உண்மையான சிக்கல்களை மட்டும் பார்ப்பீர்கள்.

யாருக்கும் கொடுக்கக் கூடாதவையும் உண்டு. பணம் எடுப்பது, பணிப்பதிவேடு, ஆசிரியரிடம் விளக்கம் கேட்கும் கடிதம், சான்றிதழில் கையெழுத்து. இவை உங்கள் சட்டப் பொறுப்பு. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகும் வழக்கம் எந்தப் பள்ளியில் இருந்தாலும் உடனே நிற்க வேண்டும்.

இந்தப் பகிர்வு வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று. அடுத்த முறை இரண்டு நாள் பயிற்சிக்குப் போகும்போது பள்ளியிலிருந்து வரும் போன் அழைப்புகளைக் குறித்துவையுங்கள். எதற்காக அழைத்தார்கள்? ‘சார், ஒன்பதாம் வகுப்பை மதியம் விடலாமா?’ என்று அழைத்தால் அந்த உரிமையை நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லை, அல்லது கொடுத்ததை அவர்கள் நம்பவில்லை. திரும்பி வந்ததும் அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

படி 4: வாரம் ஒரு கூட்டம், நாற்பது நிமிடம்

நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். வியாழக்கிழமை கடைசிப் பாடவேளை என்றால் ஆண்டு முழுக்க அதுதான். உறுப்பினர்களுக்கு அந்தப் பாடவேளையில் வகுப்பு இல்லாதபடி அட்டவணை போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மதிய உணவு நேரத்தைப் பறிக்காதீர்கள். தலைமையாசிரியர் ஊரில் இல்லாவிட்டாலும் உதவித் தலைமையாசிரியர் தலைமையில் கூட்டம் நடக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழு கூட்டத்துக்கு மாற்று இல்லை. தகவல் சொல்ல அது போதும். யோசிக்க வேண்டியதை, கருத்து வேறுபடக்கூடியதை அதில் போட்டால் இரவு பத்து மணிக்கு ஒருவர் கட்டைவிரல் காட்டுவார், இன்னொருவர் மௌனமாக இருப்பார், மறுநாள் ஓய்வறையில் வேறு கதை ஓடும். மேலதிகாரி அனுப்பிய சுற்றறிக்கைகளை வாசித்துக் காட்டவும் கூட்டத்தைப் பயன்படுத்த வேண்டாம். முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

முதல் இருபது நிமிடம் ஒரே ஒரு வகுப்பறைக் கேள்வி. ‘ஆறாம் வகுப்பில் தமிழ் சரளமாக வாசிக்க முடியாதவர்கள் எத்தனை பேர், யார் யார், என்ன செய்கிறோம்?’ அடுத்த பத்து நிமிடம் வரும் இரண்டு வார நாட்காட்டி. மிச்சம், போன வாரம் ஒப்புக்கொண்டது நடந்ததா என்பது. வகுப்பறையைக் கடைசியில் வைத்தால் அதற்கு நேரமே வராது. எமிஸ் பதிவும் கட்டட வேலையும் தின்றுவிடும்.

தலைமையாசிரியர் கடைசியாகப் பேசுங்கள். நீங்கள் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் அறையில் அதற்கு மேல் ஒன்றும் வராது, ‘சரிங்க சார்’ மட்டும்தான் வரும். காலாண்டுத் தேர்வு முடிந்த ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பில் கணக்கில் இருபது பேருக்கு மேல் 35-க்குக் கீழே.

“காலையில் எட்டே காலுக்கு வரச்சொல்லி ஸ்பெஷல் கிளாஸ் வைக்கலாம் சார். சாயங்காலம் பிள்ளைகள் சோர்ந்துபோயிடுறாங்க” என்கிறார் 9-10 வகுப்புப் பொறுப்பாசிரியர்.

உடற்கல்வி ஆசிரியர் பட்டியலை வாங்கிப் பார்க்கிறார். “சார், இதில் பாதிப் பேர் டவுன் பஸ்ஸில் வர்றவங்க. அந்த பஸ்ஸே ஒன்பது மணிக்குத்தான் வருது. நான் கேட்டில் நின்னு தினமும் பார்க்கிறேன்.”

“சாயங்காலம்னா பெண் பிள்ளைகள் அஞ்சரை பஸ்ஸை விட்டுடுவாங்க. அடுத்தது ஏழரைக்கு” என்கிறார் ஆசிரியை ஒருவர்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு உதவித் தலைமையாசிரியர்: “அ பிரிவுக்கும் ஆ பிரிவுக்கும் கணக்குப் பாடவேளையை ஒரே நேரத்தில் போட்டுக் கொடுத்தால்? வாரம் மூணு நாள் ரெண்டு பிரிவையும் கலந்து, தடுமாறுற பிள்ளைகளை ஒரு அறையில், மத்தவங்களை இன்னொரு அறையில். ரெண்டு ஆசிரியரும் மாத்தி மாத்தி எடுக்கட்டும்.”

இங்கேதான் தலைமையாசிரியர் வாய் திறக்க வேண்டும். “செய்வோம். அட்டவணை எப்போது தயார் ஆகும்? மூணு வாரம் கழிச்சு ஒரு சின்னத் தேர்வு வெச்சுப் பார்ப்போம். பிள்ளைகளுக்கு ‘மக்குப் பிரிவு’ங்கற பேர் வராமல் எப்படிச் சொல்றதுன்னு அந்த ரெண்டு பேரோடயும் பேசிடுங்க.”

தலைமையாசிரியர் முதலிலேயே ‘காலை எட்டே கால்’ என்று சொல்லியிருந்தால் சிறப்பு வகுப்பு நடந்திருக்கும், பதிவேட்டிலும் ஏறியிருக்கும். அது யாருக்குத் தேவையோ அவர்கள் அந்த நேரத்தில் பேருந்தில் இருந்திருப்பார்கள்.

கூட்டக் குறிப்பு அரைப் பக்கம் போதும்: என்ன முடிவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள். எழுதும் வேலையைச் சுழற்சியில் கொடுங்கள். எப்போதும் ஆசிரியையே எழுதட்டும் என்ற பழக்கம் வேண்டாம்.

படி 5: உள்ளே விவாதம், வெளியே ஒரே குரல்

முதல் கூட்டத்திலேயே இரண்டு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். உறுப்பினர்கள் தரப்பில்: அறைக்குள் என்ன வேண்டுமானாலும் மறுத்துப் பேசலாம், முடிவான பிறகு வெளியே ‘எனக்கு உடன்பாடில்லை, ஹெச்.எம். சொல்லிட்டார்’ என்று சொல்லக் கூடாது. தலைமையாசிரியர் தரப்பில்: குழு உறுப்பினர் எடுத்த முடிவைப் பெற்றோர் முன்னாலோ மற்ற ஆசிரியர் முன்னாலோ திருப்பமாட்டேன்.

இரண்டாவது ஒப்பந்தம்தான் கடினம். தாமதமாக வந்த பையனை உடற்கல்வி ஆசிரியர் வாசலில் நிறுத்தியிருக்கிறார். பெற்றோர் நேராக உங்கள் அறைக்கு வந்து கத்துகிறார். ‘சரி, உள்ளே போகச் சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டால் அந்த நிமிடம் அமைதி கிடைக்கும். மறுநாள் முதல் அந்த ஆசிரியர் கேட்டில் நிற்கமாட்டார், நின்றாலும் பார்க்கமாட்டார். பெற்றோரை உட்காரவையுங்கள், தண்ணீர் கொடுங்கள், ஆசிரியரை உள்ளே அழைத்து நடந்ததைக் கேளுங்கள். அவர் முடிவு தவறு என்று தோன்றினால் தனியாகச் சொல்லுங்கள். பையனை வகுப்புக்கு அனுப்புவது அவர் வாயால் நடக்கட்டும். ஒரே ஒரு விதிவிலக்கு: பிள்ளையை அடித்தாலோ, சாதி சொல்லித் திட்டினாலோ, அவமானப்படுத்தினாலோ அங்கேயே தடுக்க வேண்டும். அதில் ஆசிரியர் முகத்தைக் காப்பாற்றுவது நம் வேலை இல்லை.

கோள் சொல்லும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே நிறுத்தலாம். ‘அந்த மேடம் பாடவேளைக்குப் பத்து நிமிஷம் லேட்டாத்தான் போறாங்க’ என்று ஒருவர் காதில் போட்டால், ‘இதை அவங்ககிட்ட சொன்னீங்களா? வாங்க, மூணு பேரும் உட்கார்ந்து பேசலாம்’ என்று எழுந்துவிடுங்கள். இரண்டு முறை இப்படிச் செய்தால் மூன்றாவது ஆள் வரமாட்டார். நிஜமான குறையோடு வருகிறவர் மட்டும் உட்காருவார்.

ஓய்வறையில் ஒருமையில் அழைப்பது, இளையவரை ‘வா, போ’ என்பது குழுவுக்குள் வரக் கூடாது. வயது எதுவானாலும் சார், மேடம், டீச்சர்தான். இளையவர் துணிந்து மாற்றுக் கருத்துச் சொல்ல அந்த மரியாதை தேவை.

படி 6: குழுவின் கால்கள் வகுப்பறைக்குள் போகட்டும்

பள்ளித் தலைமை குறித்து நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு ஒன்று உண்டு. தலைமைப் பொறுப்பில் இருப்பவர் செய்யும் பலவகை வேலைகளில் மாணவர் கற்றலோடு மிக வலுவாகத் தொடர்புடையதாக அதில் தெரிந்தது, ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளும் இடத்தில் தலைவரும் உட்கார்ந்து பங்கெடுப்பதுதான். பயிற்சிக்கு ஆசிரியர்களை அனுப்பிவிட்டு அறையில் கோப்புப் பார்ப்பது இதில் சேராது.

குழுவில் உள்ள ஒவ்வொருவரும் வாரம் இரண்டு வகுப்புக்குப் பதினைந்து நிமிடம் போகட்டும். பி.ஜி. ஆசிரியர் ஏழாம் வகுப்புக்கும் பி.டி. ஆசிரியர் பதினொன்றுக்கும் போனால் படி 2-இல் சொன்ன இடைவெளியும் குறையும். பின்பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியரைப் பார்க்க வேண்டாம், பிள்ளையின் நோட்டைப் பாருங்கள். கரும்பலகையில் உள்ளதை அப்படியே வரைந்திருக்கிறானா, புரிந்து எழுதியிருக்கிறானா? பக்கத்துப் பிள்ளையிடம் மெதுவாக ‘இது என்னம்மா?’ என்று கேளுங்கள். அன்று மாலைக்குள் ஆசிரியரிடம் பேசிவிட வேண்டும்: பார்த்ததில் நல்லது ஒன்று, கேள்வி ஒன்று. ஆய்வுக் குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதுவது வேறு வேலை, இதோடு அதைக் கலந்தால் ஒருவரும் கதவைத் திறந்துவைக்கமாட்டார்கள்.

முதலில் தலைமையாசிரியர் வகுப்புக்குக் குழு போகட்டும். எவ்வளவு வேலை இருந்தாலும் தலைமையாசிரியர் வாரம் சில பாடவேளையாவது எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சாக்பீஸ் பிடிக்காத கை பாடவேளைச் சுமையைப் பற்றிச் சொல்லும் எதையும் ஆசிரியர்கள் மனதார ஏற்கமாட்டார்கள்.

படி 7: கூட்டத்துக்குக் காத்திருக்கக் கூடாதவை

குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் குழு கூடி ஆலோசிக்கும் விஷயமே இல்லை அது. போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும்) சட்டம், 2012-இன் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும். 21ஆம் பிரிவுப்படி தெரிவிக்கத் தவறுவது குற்றம். தன் கீழ் பணியாற்றுபவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் தெரிவிக்காமல் விட்டால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். ‘பள்ளிப் பேர் கெட்டுவிடும், நாமே பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று குழுவில் ஒருவர் சொன்னால் மற்றவர்கள் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்த வேண்டும். ஒற்றுமை என்பது இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது ஆகிவிடக் கூடாது.

பிள்ளை யாரிடம் சொன்னதோ அவர் அமைதியாகக் கேட்கட்டும், துருவிக் கேட்க வேண்டாம். பெயர் வெளியே போகக் கூடாது, குழு உறுப்பினர் எல்லாருக்கும் தெரிய வேண்டியதும் இல்லை. 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) இரண்டும் எல்லா வகுப்பறையிலும், கழிப்பறைக்குப் போகும் வழியிலும் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் இருக்கட்டும்.

விபத்து, மின்கசிவு, மழையில் சுவர் ஈரம், வாந்தி மயக்கம் போன்றவற்றுக்கு ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்: யார் ஆம்புலன்ஸை அழைப்பது, யார் பெற்றோருக்குச் சொல்வது, யார் மற்ற பிள்ளைகளோடு இருப்பது. 108-ஐ அழைக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பதை அதில் முதல் வரியாக எழுதுங்கள்.

படி 8: பெற்றோரோடு குழுவாகப் பேசுதல்

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அவர்கள் பணி. அந்தக் கூட்டத்தில் தலைமையாசிரியர் மட்டும் பேசினால் பெற்றோருக்கு ஒரே ஒரு முகம்தான் தெரியும். நடுநிலை வகுப்புப் பொறுப்பாசிரியர் வாசிப்பைப் பற்றியும், அலுவலக உதவியாளர் உதவித்தொகை ஆவணங்களைப் பற்றியும் சொல்லட்டும். அடுத்த வாரம் சந்தேகம் வந்தால் பெற்றோர் நேராக அவரிடமே போவார்கள்.

படி 9: ஒப்படைப்பு

மாறுதல் கலந்தாய்வு எப்போது வேண்டுமானாலும் உங்கள் பெயரைத் தொடலாம், ஓய்வு தேதியும் தெரிந்ததுதான். அதனால் இந்த வேலையைக் கடைசி வாரத்துக்கு வைக்க வேண்டாம். ஒவ்வொரு ஆண்டும் அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு குழுவில் இருவர் தங்கள் பொறுப்பை மாற்றிக்கொள்ளட்டும், நாமினல் ரோல் போன்ற தேர்வு வேலைகள் மட்டும் மே வரை அதே கையில் இருக்கட்டும். உதவித் தலைமையாசிரியர் சம்பளப் பட்டியலையும் தணிக்கைக் கோப்பையும் உங்களோடு உட்கார்ந்து ஒருமுறையாவது பார்க்கட்டும்.

ஏப்ரல் கடைசியில் குழுவாக உட்கார்ந்து ஒரு கோப்புத் தயார் செய்யுங்கள். பணிப் பகிர்வும் அதன் மூன்று வரிகளும், ஆண்டு முழுவதற்குமான கூட்டக் குறிப்புகள், முடியாமல் நிற்கும் வேலைகள், எமிஸ் உள்பட எந்தக் கணக்கை யார் இயக்குகிறார், தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகள் எந்த ஆசிரியரின் பார்வையில் இருக்கிறார்கள் (காரணத்தை எழுத வேண்டாம், வருபவரிடம் நேரில் சொன்னால் போதும்), கட்டட வேலைகளின் நிலை. இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று தலைமையாசிரியர் மேசையில், இன்னொன்று உதவித் தலைமையாசிரியரிடம். நீங்கள் விடுவிக்கப்படும் நாளுக்கும் அடுத்தவர் வந்து சேரும் நாளுக்கும் நடுவில் சில வாரம் ஆகலாம், சில பள்ளிகளில் மாதக்கணக்கும் ஆகிறது. அந்த இடைவெளியில் பொறுப்புத் தலைமையாசிரியர் புதிய ஏற்பாடு எதையும் தொடங்கத் தேவையில்லை. வியாழக்கிழமைக் கூட்டத்தை நடத்தி, கோப்பில் உள்ள நிலுவை வேலைகளை வரிசையாக எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தால் போதும்.